ஸ்டெஃபி கிராஃபுக்குப் பின்னால் ஒரு வரி

போன மாசம் கோவில்பட்டியிலிருந்து ரெண்டு தகரப் பெட்டி ஐரோலிக்கு வந்து சேர்ந்தது. அப்பா போன பிறகு அம்மா எங்களோடு வந்துவிட்டார். ஊர் வீட்டை வாடகைக்கு விடலாம் என்று முடிவாகி, தம்பி பரணை ஒழிக்க ஆரம்பித்தான். "அண்ணே, உன் ஸ்போர்ட்ஸ்டார் மூட்டைய என்ன செய்ய? எடைக்குப் போடவா, அனுப்பி வைக்கவா?" என்று போன். எடைக்குப் போடு என்று சொல்ல வாய் வரவில்லை. அனுப்புடா என்றுவிட்டேன்.

பார்சல் லாரி ஆபீஸிலிருந்து டெம்போ பிடித்து வீட்டுக்குக் கொண்டுவந்து இறக்கியபோது தங்கமணி வாசலில் நின்று பார்த்த பார்வை இருக்கிறதே... ரெண்டு பெட்ரூம் ஃப்ளாட்டில் ஆள் ஐந்து பேர். அதில் ரெண்டு தகரப் பெட்டி. அதுக்குள்ளே 1986-லேர்ந்து 1996 வரைக்குமான, கரையான் கொஞ்சமும் எலி கொஞ்சமும் ருசி பார்த்து மிச்சம் வைத்த விளையாட்டு இதழ்கள். "கீழே ரத்திக்காரன் நிக்கிறான், கூப்பிடவா?" என்றார். ஊரில் பழைய பேப்பர்காரர் என்போமே, அவர்தான் இங்கே ரத்திவாலா.

சரி, கொசுவத்தி சுத்தத்தான் போகிறேன் என்று உங்களுக்கே தெரிந்திருக்கும். ஆனால் "ஆஹா அந்த மை வாசனை, ஆஹா அந்த வழவழ தாள்" என்று உருகுவதற்காக இதை எழுதவில்லை. அந்த உருகல்மேல் எனக்கே கொஞ்சம் சந்தேகம் உண்டு. காரணத்தை வரிசையாகச் சொல்கிறேன்.

எங்க ஊர் ஹாக்கி ஊர். கடலை மிட்டாயும் தீப்பெட்டியும் தெரிந்த அளவுக்கு இது வெளியே தெரியாது. 2022-ல் ஜகார்த்தாவில் ஆசியக் கோப்பை ஆடிய இந்திய அணியில் மாரீஸ்வரன் சக்திவேல் என்று ஒரு பையன் ஆடினானே, அவன் எங்க ஊர். அரியலூர் கார்த்தி செல்வமும் கோவில்பட்டி விளையாட்டு விடுதியில் வளர்ந்தவர்தான். இப்படி நாலு பெயர் வெளியே வருவதற்கு முன்னால், பெயர் வெளியே வராமலே ஆடி முடித்தவர்கள் நூறு பேர் இருப்பார்கள். அதில் ஒருவர் என் சித்தப்பா. மில்லில் வேலை, சாயங்காலம் மைதானம். லெஃப்ட் ஹாஃப்.

1987-ல் மெட்ராசில் நடந்த ஒரு போட்டியில் அவர் ஆடினார். அந்த ஆட்டத்தைப் பற்றி ஸ்போர்ட்ஸ்டாரில் வந்த அரைப்பக்கக் கட்டுரையில் அவர் பெயர் ஒரு வரியில் வந்தது. ஒரே ஒரு வரி. எனக்கு அப்போ பதிமூணு வயசு. பஸ் ஸ்டாண்ட் பக்கத்துக் கடையில் வாங்கிய அந்தப் புத்தகத்தை சித்தப்பாவுக்கு இங்கிலீஷ் வாசிக்கத் தெரியாது என்பதால் நான்தான் படித்துக் காட்டினேன். திண்ணையில் உட்கார்ந்து, அந்த வரியை மட்டும் ஏழெட்டுத் தடவை படிக்கச் சொன்னார். கடைசித் தடவை, "அதுக்கு என்னலே அர்த்தம்?" என்று கேட்டார். பந்தைப் பறித்து முன்னால் தள்ளியதில் கெட்டிக்காரர் என்கிற மாதிரி அர்த்தம் சொன்னேன். "பரவால்லயே, பாத்துத்தான் எழுதிருக்கான்" என்றார்.

சித்தப்பா போன வருஷம் தவறிவிட்டார். காரியமெல்லாம் முடிந்து கொஞ்ச நாள் கழித்து அவர் மகள் போன் பண்ணினாள். "அண்ணே, அப்பா பேரு புஸ்தகத்துல வந்துச்சுன்னு சொல்லிக்கிட்டே இருப்பாவளே, அது உங்ககிட்ட இருக்குமா? என் மக நம்ப மாட்டேங்கா. தாத்தா சும்மா சொல்லிருக்காருங்கா." அந்தப் பொண்ணு பத்தாவது படிக்கிறாள். கூகிளில் தேடியிருக்கிறாள். இல்லை. இல்லை என்றால் நடக்கவில்லை. இந்தத் தலைமுறையின் கணக்கு அதுதான், தப்பும் சொல்ல முடியாது.

நானும் தேடினேன். போட்டியின் பெயர், வருஷம், ஊர், ஸ்பெல்லிங்கை நாலு விதமாக மாற்றிப் போட்டு. ம்ஹூம்.

இங்கேதான் நான் சொல்ல வருகிற விஷயம். அச்சு விளையாட்டு இதழ்கள் போனதில் கிரிக்கெட்டுக்கு ஒரு நஷ்டமும் இல்லை. 1993-ல் தன்னார்வலர்கள் கூடி ஆரம்பித்த கிரிக்இன்ஃபோ, ரஞ்சி ஆட்டத்தின் ஸ்கோர் கார்டிலிருந்து பழைய காலத்து டெஸ்ட் வரைக்கும் ஒன்று விடாமல் ஏற்றி வைத்துவிட்டது. 1988-ல் ஆசாத் மைதானத்தில் டெண்டுல்கரும் காம்ப்ளியும் சேர்ந்து எடுத்த 664 ரன் ஒரு பள்ளிக்கூட ஆட்டம். அதைக்கூட இன்றைக்கு உலகத்தில் எவனும் தேடி எடுக்கலாம். அதே வருஷம் நடந்த ஒரு மாநில ஹாக்கிப் போட்டியின் இறுதி ஆட்டத்தில் யார் கோல் போட்டார் என்று தேடிப் பாருங்கள். கபடி, வாலிபால் பற்றிக் கேட்கவே வேண்டாம். பத்திரிகையின் தயவில் மட்டுமே பதிவான ஆட்டங்கள் அவை. பத்திரிகை போனால் ஆடியவர்களும் போனார்கள்.

வார இதழின் ஒரு விசேஷம் இப்போ பெரியதாகத் தெரிகிறது. அட்டையில் கபில் தேவைப் பார்த்து வாங்குவோம். உள்ளே 50 பக்கம் இருந்தால் அத்தனையும் கிரிக்கெட்டாக இருக்காது. கொடுத்த காசுக்குப் பழி வாங்குவது மாதிரி மிச்சப் பக்கத்தையும் படித்தே தீருவோம். அப்படித்தான் எனக்கு பேட்மிண்டன் தெரியும், செஸ் தெரியும், சந்தோஷ் டிராஃபி என்று ஒன்று இருப்பது தெரியும். விருப்பமில்லாததையும் தலையில் கட்டியது. இப்போ என் பையன் போனில் அவனுக்குப் பிடித்தது மட்டும் வருகிறது. ஆர்சனலைப் பற்றி என்னைவிடப் பத்து மடங்கு தெரியும். வாஷியில் நடக்கும் ஆட்டம் தெரியாது. 2025 கடைசியில் ஜூனியர் ஹாக்கி உலகக் கோப்பை சென்னையிலும் மதுரையிலும் நடந்ததே, மதுரையில் இவ்வளவு பெரிய ஆட்டம் நடக்கிறதுடா என்று நான்தான் சொன்னேன். "அப்படியா" என்றான். அவ்வளவுதான்.

கொஞ்சம் வம்சாவளி சொல்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். இந்து குழுமம் 1947-லேயே ஸ்போர்ட் அண்ட் பாஸ்டைம் என்று ஒரு வார இதழ் நடத்தியது. அது 1968-ல் நின்றது. பத்து வருஷம் கழித்து 1978-ல் ஸ்போர்ட்ஸ்டார். பம்பாயில் காலித் அன்சாரியின் ஸ்போர்ட்ஸ்வீக். கல்கத்தாவில் ஆனந்த பஜார்காரர்களின் ஸ்போர்ட்ஸ்வேர்ல்ட், அதற்கு ஆசிரியர் பட்டோடி. டெல்லியிலிருந்து இந்தியில் கிரிக்கெட் சாம்ராட், அதுவும் 1978. 1980 மாஸ்கோவில் நம்ம பாஸ்கரன் தலைமையில் ஸ்பெயினை 4-3 என்று ஜெயித்துத் தங்கம் வாங்கியதும், 1983 லார்ட்ஸும் இந்தப் பத்திரிகைகளின் வாலிபத்தில் நடந்தவை. அப்போ டிவி எத்தனை வீட்டில் இருந்தது? ரேடியோவில் அப்துல் ஜப்பார் குரலில் கேட்டதைப் படமாகப் பார்க்க ஒரு வாரம், பத்து நாள் காத்திருக்கணும். நடுப்பக்கத்து வண்ணப் படத்தைப் பின் கழற்றி எடுத்து சலூன் சுவரில் ஒட்டுவார்கள். எங்க தெரு சலூனில் மரடோனாவும் முருகனும் பக்கத்துப் பக்கத்தில் இருந்தார்கள்.

நானும் 1997-ல் மும்பைக்கு வந்தேன். செம்பூரில் ஒரே ரூமில் நாலு பேர். ஊரில் ஸ்டேஷனுக்கு ஹிக்கின்பாதம்ஸ் என்றால் இங்கே வீலர். வேலைக்குப் போகிற வழியில் ஸ்டேஷன் வீலர் கடையில் வாங்கி, லோக்கலில் ஒற்றைக் கையால் கம்பியைப் பிடித்துக்கொண்டு நாலாக மடித்துப் படிப்பேன். 1998 ஏப்ரலில் ஷார்ஜாவில் சச்சின் அடித்த ரெண்டு செஞ்சுரியையும் கடை வாசலில் கூட்டத்தோடு டிவியில் பார்த்தவன், அடுத்த வாரம் இதழ் வந்ததும் முதல் ஆளாக வாங்கினேன். முடிவு தெரிந்த ஆட்டத்தைத் திரும்பப் படிப்பதில் என்ன சுகம் என்று கேட்டால், தெரிந்த ராமாயணத்தை ஏன் திரும்பக் கேட்கிறோம் என்பதுதான் பதில்.

பக்கத்து ஃப்ளாட் மராட்டிக்காரர், நாங்கள் காகா என்போம். பெட்டியைத் திறந்ததும் வாசனை பிடித்து வந்துவிட்டார். அவர் பங்குக்கு 'ஏகச் ஷட்கார்' என்று ஆரம்பித்தார். சந்தீப் பாட்டீல் ஆசிரியராக இருந்து நடத்திய மராட்டி இதழ். அதைப் படித்துத்தான் தன் அண்ணன் வாசிக்கவே கற்றுக்கொண்டான் என்று சொன்னபோது எனக்குக் கொஞ்சம் பொறாமையாக இருந்தது. மலையாளத்தில் மாத்ருபூமி ஒன்று நடத்தியது. தமிழில்? சினிமாவுக்கு எத்தனை, அரசியலுக்கு எத்தனை, ஜோசியத்துக்கு எத்தனை! விளையாட்டுக்கென்று தலைமுறை தாண்டி நின்ற ஒரு வார இதழ் பெயர் எனக்குச் சொல்ல வரவில்லை. சித்தப்பாவின் ஒரு வரி தமிழில் வந்திருந்தால் அவரே படித்திருப்பார், என்னிடம் அர்த்தம் கேட்டிருக்க மாட்டார். இதை யோசிக்க எனக்கு இத்தனை வருஷம் ஆகியிருக்கிறது.

நிற்க. இத்தனையும் யார் கொன்றது? டிவி, இன்டர்நெட், கார்ப்பரேட் என்று பழி போட நிறைய பேர் இருக்கிறார்கள். அட்டை விலை என்றைக்குமே அச்சுச் செலவுக்குக் கட்டாது, விளம்பரம்தான் சோறு போடும். தொண்ணூறுகளில் கேபிள் டிவி வந்து கிரிக்கெட் நேரடி ஒளிபரப்பு பெருகியதும் விளம்பரம் அங்கே போனது. தினசரிகளும் விளையாட்டுக்கு அரைப்பக்கம் கொடுத்தது போய் மூணு நாலு பக்கம், அதுவும் கலரில். வார இதழுக்குச் சொல்ல என்ன மிச்சம்? அதெல்லாம் சரிதான். ஆனால் என் கேஸில் கொன்றது நான்தான். 2003 உலகக் கோப்பையின்போது ஆபீஸில் ஒரு மூலையில் எக்செல் ஷீட்டைத் திறந்து வைத்து, அதன் பின்னால் பந்துக்குப் பந்து வர்ணனை ஓடிக்கொண்டிருந்தது. மேனேஜர் வந்தால் ஆல்ட்-டேப். (அவரும் அதைத்தான் பார்த்தார் என்பது பிறகு தெரிந்தது. :-)) அந்த வருஷம் வீலரில் வாங்குவதை நிறுத்தினேன். முடிவெடுத்து நிறுத்தவில்லை. ஒரு வாரம் வாங்கவில்லை, அடுத்த வாரமும் வாங்கவில்லை, அப்புறம் வாங்காததே ஞாபகம் இல்லை. 2004-ல் ஐரோலிக்குக் குடிவந்தபோது பேப்பர் பையனிடம் போடச் சொல்லலாமா என்று தங்கமணி கேட்டதற்கு, "எதுக்கு தண்டமா, எல்லாம் நெட்டுலயே இருக்கே" என்றது சாட்சாத் அடியேன்.

அந்த ஒரு வாக்கியத்தை உலகம் முழுக்கச் சொல்லியிருக்கிறார்கள் போல. மும்பையிலிருந்தே சம்பித் பால் ஆசிரியராக 2001-ல் கிளம்பிய விஸ்டன் ஏசியா கிரிக்கெட் நாலு வருஷம்தான் தாங்கியது. அர்ஜென்டினாவில் 1919-லிருந்து வந்த எல் கிராஃபிகோ 2018-ல் அச்சை நிறுத்தியது. ஈஎஸ்பிஎன் இதழ் 2019-ல். அமெரிக்காவின் ஸ்போர்ட்ஸ் இல்லஸ்ட்ரேட்டட், ஒரு காலத்தில் வாரா வாரம் லட்சக்கணக்கில் போனது, மாதம் ஒன்றாகத் தேய்ந்து, 2024 ஜனவரியில் எழுதுகிறவர்களில் பெரும்பாலோரை வீட்டுக்குப் போகச் சொல்லி, பிறகு வேறு கை மாறியது. இங்கே 2020 ஏப்ரலில் கொரோனாவுக்குப் பயந்து வீடு வீடாகப் பேப்பர் போடுவதையே மகாராஷ்டிர அரசு கொஞ்ச நாள் நிறுத்தி வைத்தது ஞாபகம் இருக்கும். அதே வருஷம் கிரிக்கெட் சாம்ராட் 42 வருஷத்தோடு கடையை மூடியது. ஸ்போர்ட்ஸ்டார் தாக்குப்பிடித்தது, வாரம் ஒன்று என்பது மாதம் ரெண்டு என்றாகி. ஒரு இடத்தில் அதைப் பார்த்து வாங்கினேன், இருபது வருஷ குற்ற உணர்ச்சிக்குப் பரிகாரமாக. ஸ்டேஷன் ஸ்டாலில் தண்ணீர் பாட்டிலுக்கும் சிப்ஸ் பாக்கெட்டுக்கும் நடுவில் பத்திரிகையைத் தேட வேண்டியிருந்தது தனிக்கதை.

"எல்லாம் நெட்டுலயே இருக்கே" என்றேன் அல்லவா. அப்போ நான் ஆசையாகச் சேமித்து வைத்த நெட் சுட்டிகள் ஒரு பழைய ஃபைலில் இருக்கின்றன. உட்கார்ந்து ஒவ்வொன்றாக அமுக்கிப் பார்த்தேன். பாதிக்கு மேல் திறக்கவில்லை. நிறுவனமே இல்லை, அல்லது இருக்கிறது, பக்கம் இல்லை. 1987-ன் தாளைக் கரையான் ஓரம்தான் தின்றிருக்கிறது. 2004-ன் கட்டுரையை எது தின்றது என்றே தெரியவில்லை.

இப்போ பெட்டிக்கு வருவோம். ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க ஹாலில் பேப்பர் விரித்து, தும்மிக்கொண்டே 1987-ஐத் தேடினேன். அம்மா பக்கத்தில் உட்கார்ந்து கரையான் தட்டிக் கொடுத்தார். சாயங்காலம் நாலு மணிக்குக் கிடைத்தது. ஜூன் மாசத்து இதழ். ஹாக்கிப் பக்கத்தைத் திருப்பினேன். தலைப்பு இருக்கிறது, ஸ்கோர் இருக்கிறது, முதல் பத்தி இருக்கிறது. அதற்குக் கீழே சதுரமாக ஒரு ஓட்டை. ஓட்டை வழியாக அம்மாவின் புடவை தெரிகிறது.

ஒரு நிமிஷம் புரியவில்லை. அப்புறம் புரிந்தது. அந்த ஜூனில்தான் ஸ்டெஃபி கிராஃப் நவரத்திலோவாவை ஜெயித்து முதல் பிரெஞ்ச் ஓப்பன் வாங்கினார். பதினெட்டு வயசு கூட முழுசாக ஆகவில்லை. நான் எட்டாவது. என் ஜியாமெட்ரி பாக்ஸ் மூடிக்குள் ஒட்ட சரியான அளவில் ஒரு படம் தேவைப்பட்டது. தாளுக்கு மறுபக்கம் ஒன்று உண்டு என்பதை பிளேடு எடுத்த கை யோசிக்கவில்லை. சித்தப்பாவுக்கு ஏழெட்டுத் தடவை படித்துக் காட்டிய அதே கை.

அம்மாவிடம் சொன்னேன். "போகட்டும்டா, சின்னப் பிள்ளைல செஞ்சது" என்றார். தங்கைக்குப் போன் பண்ண ரெண்டு நாள் ஆனது. இதழ் கிடைத்தது, பக்கம் கிழிந்திருக்கிறது என்று மட்டும் சொன்னேன். கிழிந்திருக்கிறது!

அடுத்த சனிக்கிழமை மாதுங்கா போனேன். கிங்ஸ் சர்க்கிள் நடைபாதையில் பழைய புத்தகக்காரர்கள் இன்னும் உட்கார்ந்திருக்கிறார்கள். போட்டித் தேர்வு கைடுகள், சமையல் புத்தகம், தடித்தடியான ஆங்கில நாவல்கள். ஒரு பெரியவரிடம் ஸ்போர்ட்ஸ்டார் பழசு, ஸ்போர்ட்ஸ்வீக் பழசு என்று கேட்டேன். சிரித்தார். முன்னால் கட்டுக் கட்டாக வரும், பசங்க படத்துக்காக வாங்குவார்கள், இப்போ வீட்டிலிருந்து நேரே ரத்திக்குப் போய்விடுகிறது என்றார். அவர் தப்பில்லை. ஆனால் "பசங்க படத்துக்காக" என்றபோது எனக்குச் சுருக்கென்றது.

ஒரு வழி இருக்கிறது. 1954-ல் ஒரு சட்டம் போட்டார்கள், இந்தியாவில் அச்சாகும் ஒவ்வொரு புத்தகத்தின் பிரதியையும் பொது நூலகங்களுக்கு அனுப்பியே ஆகணும் என்று. 1956-ல் பத்திரிகைகளையும் சேர்த்தார்கள். கல்கத்தா தேசிய நூலகம், சென்னை கன்னிமாரா, டெல்லி, அப்புறம் இங்கே மும்பையில் டவுன் ஹால் கட்டடத்து மத்திய நூலகம். ஆக, சட்டப்படி அந்த 1987 ஜூன் இதழ் நாலு ஊரில் எங்கோ தூசிக்குள் இருக்க வேண்டும். தாளில் அச்சடித்ததற்கு இப்படி ஒரு ஏற்பாடு அறுபது எழுபது வருஷத்துக்கு முன்னாலேயே செய்து வைத்திருக்கிறார்கள். நெட்டில் வந்த விளையாட்டுக் கட்டுரைக்கு இதற்குச் சமமாக என்ன இருக்கிறது என்று தெரிந்தவர்கள் சொல்லுங்கள். ஐரோலியிலிருந்து தாணே போய் சிஎஸ்டிக்கு ரயில் பிடித்தால் டவுன் ஹால் நடக்கிற தூரம். வருகிற சனிக்கிழமை ஆபீஸ் இல்லை, போகிறேன். அங்கே இல்லையென்றால் பொங்கலுக்கு ஊருக்குப் போகும்போது சென்னையில் ஒரு நாள் இறங்கி கன்னிமாரா.

அதுவரை பெட்டி ரெண்டும் பால்கனியில், மழைக்குத் தார்ப்பாய் போர்த்திக்கொண்டு இருக்கிறது. தங்கமணி இன்னும் ஒன்றும் சொல்லவில்லை. அந்த மௌனத்துக்கு தீபாவளி வரைக்கும்தான் ஆயுள் என்று நினைக்கிறேன். உங்கள் வீட்டுப் பரணில் 1987 ஜூன் ஸ்போர்ட்ஸ்டார் இருந்தால், அதிலும் ஸ்டெஃபி கிராஃப் படத்தை யாரும் வெட்டாமல் இருந்தால், தயவுசெய்து ஒரு வார்த்தை சொல்லுங்கள். புத்தகம் வேண்டாம். அந்தப் படத்துக்குப் பின்பக்கம் மட்டும் ஒரு போட்டோ எடுத்து அனுப்பினால் போதும்.